பிள்ளையைப் பார்த்துக்க ஆள் கிடைச்சாச்சு, அப்புறம்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த விஷயம் இது. எங்க பேங்க்ல ஏப்ரல், மே மாசம் டிரான்ஸ்ஃபர் சீசன். புதுசா புனேக்கு வர்றவங்க வீடு, ஸ்கூல், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் விசாரிச்சு முடிச்சப்புறம் கடைசியா ஒரு கேள்வி கேப்பாங்க. "பிள்ளையைப் பார்த்துக்க நம்பிக்கையான ஆள் யாராவது இருக்காங்களா?" நானும் தெரிஞ்ச நாலு பேர் பேரைச் சொல்லுவேன். ஆள் கிடைச்சதும் பிரச்சனை தீர்ந்ததுன்னு அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடுவாங்க. அங்கதான் எனக்கும் அவங்களுக்கும் கருத்து வேறுபாடு. ஆள் கிடைக்கறது பாதி வேலைகூட இல்லைங்க.

நாங்க இருக்கறது கட்கி. ஒருபக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் ராணுவத்தோட பம்பாய் சாப்பர்ஸ், நடுவுல கன்டோன்மென்ட் பஜார். அந்தக் காலத்துலேர்ந்தே வேலைக்காக எங்கிருந்தோ வந்தவங்க ஊர். பஜார்ல காய்கறி வாங்கும்போது நாலு தலைமுறைக்கு முன்னாடி வந்த குடும்பத்துத் தமிழ் காதுல விழும், பாதி மராத்தி கலந்து. வந்தவங்க ஊர்ங்கறதால பாட்டி தாத்தா கூட இல்லாத வீடுகள் அதிகம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனா நடுவுல ஒரு மாவ்ஷிதான். (மராத்தியில அம்மாவோட தங்கச்சியை இப்படிக் கூப்பிடுவாங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களையும் இப்படித்தான் கூப்பிடறது. பதிலுக்கு அவங்க நம்மளை தாயின்னு கூப்பிடுவாங்க. அம்மான்னு நினைச்சுடாதீங்க, அக்கான்னு அர்த்தம்.)

2017ல பிரசவ விடுப்பை 26 வாரமா ஆக்கினாங்க. பெரிய விஷயம், மறுக்கல. ஆனா ஏழாவது மாசம் பிள்ளையை யார் பார்த்துக்கறது? 50 பேருக்கு மேல இருக்கற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும்னு அதே திருத்தம் சொல்லுது. எங்க கிளையில மொத்தமே 14 பேர், வாசல்ல நிக்கற செக்யூரிட்டி அண்ணனையும் சேர்த்து. அதனால நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு மாவ்ஷியை விட்டா வழி கிடையாது. வழி கிடையாதுன்னு தெரிஞ்சப்புறம் அதை ஒழுங்கா செய்யணும் இல்லையா?

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். பாத்திரம் தேய்க்கறதும் பிள்ளை பார்த்துக்கறதும் ஒரே வேலை கிடையாது. "பாத்திரம், துணி, பெருக்கித் துடைக்கறது, அப்படியே குழந்தையையும் கொஞ்சம் பார்த்துக்கங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்றாங்க பாருங்க, அந்த 'அப்படியே' எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த வார்த்தை எங்க கொண்டு போய் விடும்ங்கறதுக்கு நம்ம மொழி பேசின ஒரு பொண்ணோட கதையே இருக்கு.

ரிசானா நபீக். இலங்கையில திருகோணமலை மாவட்டம் மூதூர். ரொம்ப ஏழைக் குடும்பம். 2005 மே மாசம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாங்க. பாஸ்போர்ட்ல வயசைக் கூட்டிப் போட்டிருந்தாங்க. பிறப்புச் சான்றிதழ்படி அப்போ 17 வயசுதான். வீட்டு வேலைன்னு போன பொண்ணுகிட்ட அந்த வீட்டு நாலு மாசக் குழந்தைக்குப் பாட்டில்ல பால் கொடுக்கற வேலையும் வந்து சேர்ந்தது. போய்ச் சில வாரம்தான் ஆகியிருக்கும், மே 22ஆம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோச்சு. பால் கொடுக்கும்போது புரையேறி மூச்சு நின்னுதுன்னு ரிசானா சொன்னாங்க. கழுத்தை நெரிச்சுட்டாங்கன்னு குழந்தையைப் பறிகொடுத்த குடும்பம் சொன்னது. போலீஸ் விசாரிச்சப்போ பக்கத்துல வக்கீல் கிடையாது. அப்போ வாங்கின ஒப்புதல் வாக்குமூலத்தை அப்புறம் ரிசானா மறுத்தாங்க. 2007ல மரண தண்டனை. பல நாட்டுலேர்ந்து கோரிக்கை போயும் ஒண்ணும் நடக்கல. 2013 ஜனவரி 9ஆம் தேதி தண்டனையை நிறைவேத்திட்டாங்க.

அந்தச் செய்தி வந்தப்போ எல்லாரும் சவூதிச் சட்டத்தைப் பத்தியும், வயசைத் திருத்தி அனுப்பின ஏஜென்ட்டைப் பத்தியும் பேசினாங்க. பேச வேண்டியதுதான். எனக்கு வேற ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்லை. நாலு மாசக் குழந்தையை எந்த நிலையில பிடிச்சுப் பால் கொடுக்கணும், நடுவுல எப்போ நிறுத்தித் தோள்ல போட்டுத் தட்டணும், புரையேறினா என்ன செய்யணும், இதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், உக்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களா? அவங்களுக்குத் தெரிஞ்சது தமிழ். வீட்டுல பேசினது அரபி. ரெண்டு குடும்பம் அழிஞ்சுபோச்சு.

கட்கியில யாரும் யாரையும் சிரச்சேதம் செய்யப்போறதில்லை. ஆனா 'அப்படியே குழந்தையையும் பார்த்துக்க'ங்கற வாக்கியம் இங்கேயும் அதேதான். சொல்லிக் கொடுக்காம ஒப்படைக்கறதும் அதேதான்.

பேங்க்ல பாருங்க. புதுசா ஒருத்தர் கிளார்க்கா சேர்ந்தா முதல் நாளே கேஷ் கவுண்டர்ல தனியா உக்கார வெச்சுட்டு மேனேஜர் வெளிய போயிடுவாரா? பழைய கேஷியர் பக்கத்துல உக்கார்ந்து நோட்டு எண்ணப் பழகணும், கள்ள நோட்டு தடவிப் பார்க்கப் பழகணும், சாயங்காலம் டாலி பண்ணப் பழகணும். ஆபீசரா சேர்ந்தா ரெண்டு வருஷம் புரொபேஷன். கிளையில சார்ஜ் மாறினா பழையவரும் புதியவரும் சேர்ந்து பெட்டகத்தைத் திறந்து எண்ணி, கையெழுத்துப் போட்டு, சாவியை மாத்திக்கறாங்க. வெறும் காகிதத்துக்கு இவ்வளவு. பத்து மாசப் பிள்ளையை ஒப்படைக்கறதுக்கு "ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கு மாவ்ஷி, நான் வரேன்". எந்த ஊர் நியாயம் இது?

அதனால எங்க வீட்டுல ரெண்டு வாரம்னு வெச்சுக்கிட்டோம். சின்னவனுக்கு 11 மாசம் இருக்கும்போது இப்போ இருக்கற மாவ்ஷி சேர்ந்தாங்க. போபோடியிலேர்ந்து நடந்தே வருவாங்க. என்னோட லீவுல கடைசி ரெண்டு வாரத்தை இதுக்குன்னே மிச்சம் பண்ணி வெச்சிருந்தேன். முதல் வாரம் நான் செய்யறதை அவங்க பார்க்கணும். ரெண்டாவது வாரம் அவங்க செய்யறதை நான் பார்க்கணும், வாயைத் திறக்காம. (ரெண்டாவதுதான் கஷ்டம். ரங்கமணியைக் கேட்டீங்கன்னா வாயைத் திறக்காமங்கறது பொய்னு சொல்லுவார்.) கடைசி மூணு நாள் நான் வீட்டுல இல்லாம, கீழ கடை, பக்கத்துத் தெரு, அப்புறம் ஒரு முழுக் காலைப்பொழுதுன்னு வெளிய போயிட்டு வந்தேன். இந்த ரெண்டு வாரத்துக்கும் முழுச் சம்பளம். டிரெயினிங்னு பாதிச் சம்பளம் கொடுக்கற வீடும் பார்த்திருக்கேன். அந்த வீட்டுக்காரர் எங்க பேங்க்தான். அவர் டிரெயினிங் போனப்போ சம்பளத்தோட டி.ஏ.வும் வாங்கினவர்தான்.

என்ன சொல்லிக் கொடுக்கறது? எல்லாத்தையும் எழுதினா படிக்கற உங்களுக்கும் அலுப்பு. எது உயிருக்கு ஆபத்தோ அதுக்கு மொத்த நேரத்துல பாதியைக் கொடுங்க. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டறதை அவங்களே கத்துப்பாங்க.

தண்ணி முதல்ல. நம்ம ஊர் வீடுகள்ல தண்ணி வர்ற நேரத்துல பக்கெட் பக்கெட்டாப் பிடிச்சு வைக்கற பழக்கம் போகாது. தவழற பிள்ளை, தத்தித் தத்தி நடக்கற பிள்ளை பக்கெட்டை எட்டிப் பார்த்துத் தலைகீழா விழுந்தா அதால எழுந்திருக்க முடியாது. உடம்பைவிடத் தலை கனம். நாலு விரக்கடை தண்ணி போதும், சத்தமே வராது. இதை 'பாத்ரூம் கதவைச் சாத்தி வைங்க'ன்னு மட்டும் சொன்னா மறந்துடுவாங்க. நான் மாவ்ஷியை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், பக்கெட் விளிம்பு பையனோட நெஞ்சு வரைக்கும் வர்றதை நிறுத்தி வெச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் அவங்க பிடிச்ச பக்கெட் மூடி இல்லாம இருந்து நான் பார்த்ததில்லை. பினாயிலைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கற வழக்கம் அவங்க வீட்டுலயும் இருந்தது, இந்தியாவுல பாதி வீட்டுல இருக்கு. அதையும் இப்படித்தான் காட்டினது. பாட்டிலைப் பையன் முன்னால வெச்சேன், நேரா வாய்க்குக் கொண்டு போனான். (காலி பாட்டில்தாங்க, பயப்படாதீங்க.)

அடுத்தது தொண்டையில மாட்டிக்கறது. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை, கெட்டி மிட்டாய், தேங்காய்ச் சில்லு. அஞ்சு வயசுக்குக் கீழ முழுக் கடலை கூடவே கூடாதுன்னு எங்க பிள்ளைகள் டாக்டர் சொன்னார். மராத்தியில புரையேறறதுக்கு டஸ்கான்னு வார்த்தை இருக்கு, அதனால விளக்கறது சுலபம். சத்தமா இருமினா இரும விடணும். சத்தம் வராம முழிச்சா, அழ முடியலைன்னா, உதடு நீலம் பாரிச்சா அப்போ ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. ஒரு வயசுக்குக் கீழன்னா முன்கையில குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டை நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தால அஞ்சு தட்டு. வரலைன்னா திருப்பிப் போட்டு நடு நெஞ்செலும்புல ரெண்டு விரலால அஞ்சு அழுத்தம். மாத்தி மாத்தி. ஒரு வயசு தாண்டினதுக்கு நெஞ்சுக்குப் பதிலா வயித்துல அழுத்தணும், அது வேற முறை. வாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ள போயிடும். இதை எழுத்துல படிச்சுக் கத்துக்க முடியாது. தடுப்பூசி போடப் போகும்போது மாவ்ஷியையும் கூட்டிட்டுப் போங்க. டாக்டர்கிட்ட ஒரு பொம்மையை வெச்சுச் செஞ்சு காட்டச் சொல்லுங்க. எங்க டாக்டர் அஞ்சு நிமிஷம் ஒதுக்கினார். அப்புறம் ஒவ்வொரு மாசமும் தலையணையை வெச்சு வீட்டுல ஒரு தடவை செஞ்சு பார்க்கறோம். முதல் தடவை சிரிச்சாங்க. இப்போ சிரிக்கறதில்லை.

இங்க ஒரு சிக்கல் வரும். எல்லா வீட்டுலயும் வரும். "நான் மூணு பிள்ளை வளர்த்தவ, எனக்கே சொல்லித் தர்றியா?" மாவ்ஷி வாயால சொல்லல, முகத்துல தெரிஞ்சது. அவங்க நினைக்கறதுல நியாயம் இருக்கு. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறதுல, அழற பிள்ளையைச் சமாதானப்படுத்தறதுல எனக்கு அவங்ககிட்டதான் டியூஷன். ஜாதிக்காய், வசம்புன்னு இழைச்சு நாக்குல தடவற 'பால குட்டி' இங்க வீட்டுக்கு வீடு உண்டு, நம்ம ஊர் உரைமருந்து மாதிரியே. அதை நான் வேண்டாம்னு சொன்னது 'உங்களுக்குத் தெரியாது'ங்கற தோரணையில இல்ல. எதையும் டாக்டரைக் கேக்காம வாயில வைக்கறதில்லை, எங்கம்மா சொன்னாலும் வைக்கறதில்லைன்னு சொன்னேன். அம்மாவையும் சேர்த்துச் சொன்னதும் மாவ்ஷிக்குக் கோபம் போயிடுச்சு. ஒரு வயசுக்குக் கீழ தேன் கூடாதுன்னு சொன்னப்போ ஏன்னு கேட்டாங்க. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமியைச் சின்னக் குடல் தாங்காதுன்னு சொன்னேன். காரணம் சொன்ன எதையும் அவங்க மீறினதில்லை. காரணம் சொல்லாம 'கூடாது'ன்னு மட்டும் சொன்ன ரெண்டு மூணு இருக்கு, அதெல்லாம் காத்துல போச்சு.

பம்பாய் மில்லுங்கள்ல வேலை பார்த்த அம்மாக்கள் 1920கள்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? பார்த்துக்க ஆள் இல்லாம, அபின் கலந்த 'பால கோலி'ங்கற மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுத்துத் தூங்க வெச்சுட்டு ஷிஃப்டுக்குப் போனாங்க. கொடுமைக்காரங்க இல்லை, வேற வழி இல்லாதவங்க. இன்னிக்கு அந்த மாத்திரையோட இடத்துல மொபைல் இருக்குன்னு நான் சொல்லுவேன். கொஞ்சம் அதிகமாத்தான் சொல்றேன், தெரியும். மாவ்ஷி பிள்ளைக்கு மொபைல் காட்டறாங்கன்னு குறைப்படறவங்க, நாலு ரூம் துடைச்சு, ரெண்டு வேளை சமைச்சு, துணி மடிச்சு வைக்கவும் அதே ஆளைத்தான் சொல்லியிருக்காங்க. ரெண்டு கைதானே இருக்கு? எங்க வீட்டுல மாவ்ஷிக்குப் பிள்ளை மட்டும்தான் வேலை. பாத்திரத்துக்கு வேற ஆள் காலையில வந்து போறாங்க. செலவு கூடத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு விமானத்துல போறதை ரயில்ல போனா சரியாப் போச்சு.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். பேங்க்ல ஒவ்வொருத்தருக்கும் பாஸிங் பவர்னு ஒண்ணு உண்டு. இவ்வளவு தொகை வரைக்கும் யாரையும் கேக்காம நீயே பாஸ் பண்ணலாம், அதுக்கு மேல போனா மேல அனுப்பு. பொறுப்பு எங்க இருக்கோ அங்க கொஞ்சம் அதிகாரமும் இருக்கும். நம்ம வீடுகள்ல பாருங்க, உயிரையே ஒப்படைக்கறோம், ஆனா மாவ்ஷிக்கு ஒரு ஆட்டோ கூப்பிடற பவர் கிடையாது. பிள்ளைக்கு மூச்சு முட்டுது, நம்ம போன் மீட்டிங்ல சைலன்ட்ல கிடக்கு. அவங்க என்ன செய்வாங்க? நாம எடுக்கற வரைக்கும் அடிச்சுட்டே இருப்பாங்க. ஏன்னா கேக்காம எதுவும் செய்யக் கூடாதுன்னுதான் பழக்கியிருக்கோம்.

எங்க வீட்டுல மாவ்ஷிக்கு பாஸிங் பவர் உண்டு. அடுக்களை மேல்தட்டுல ஒரு டப்பால 2000 ரூபாய், அவங்க கணக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ணி வெச்சாச்சு, ஒரு தடவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போய் அவசரப் பிரிவு வாசலைக் காட்டியாச்சு. பிள்ளையோட எடை, ரத்த வகை, அலர்ஜி எல்லாம் மராத்தியில எழுதின அட்டை அந்த டப்பாலயே. மூச்சு, ரத்தம், வலிப்பு, மயக்கம், தீக்காயம்: இந்த அஞ்சுல எது நடந்தாலும் எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே 108க்குப் போன், இல்ல பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்டு, கிளம்பு. எனக்கு அப்புறம் சொன்னா போதும். இதை முதல்ல சொன்னப்போ மாவ்ஷி நம்பல. "தாயி, அப்புறம் நீங்க ஏன் கேக்கலன்னு திட்டினா?" அந்தக் கேள்விக்குப் பின்னால எத்தனை வீட்டு அனுபவம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தத் திட்டு விஷயம்தான் எல்லாத்துலயும் ஆபத்தானதுன்னு நினைக்கறேன். கேஷ்ல நூறு ரூபாய் குறைஞ்சா அன்னிக்கு சாயங்காலமே சொல்ற கேஷியரால பேங்குக்கு ஒரு கெடுதலும் வராது. மேனேஜருக்குப் பயந்து தன் கையிலேர்ந்து போட்டு, மறுநாள் வேற எங்கேயோ சரிக்கட்டப் பார்த்து, அதை மறைக்க இன்னொண்ணு செய்யறவரால வரும். அந்த மாதிரி கிளையில போய்ப் பார்த்தீங்கன்னா, குறைஞ்சதைச் சொன்ன முதல் ஆளை அங்க யாரோ எல்லார் முன்னாடியும் கத்தியிருப்பாங்க. பிள்ளை கட்டில்லேர்ந்து விழுந்தா, விழுந்ததைவிட அதைச் சாயங்காலம் வரைக்கும் சொல்லாம விடறதுதான் பயங்கரம். தலையில அடிபட்ட பிள்ளை வாந்தி எடுக்குதா, வழக்கமில்லாம தூங்கி வழியுதா, எழுப்பினா எழுந்திருக்குதான்னு கவனிக்கணும். விழுந்ததே தெரியலைன்னா தூங்கற பிள்ளையைப் பார்த்து சமத்துன்னு நினைச்சுட்டு இருப்போம்.

பையனுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது இது நடந்தது. மதியம் கவுண்டர்ல கூட்டம். மாவ்ஷி போன். "தாயி, பட்லா." விழுந்துட்டான்னு. எங்கிருந்து, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் அடி, அழுதானா, எத்தனை நிமிஷம் ஆச்சு, கேட்டதுக்கெல்லாம் பதில் வந்தது. ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி, சோபாவுலேர்ந்து, தான் திரும்பின நேரத்துலன்னு தன் தப்பையும் சேர்த்தே சொன்னாங்க. நல்லவேளை, ஒண்ணும் இல்லை, நெத்தியில ஒரு புடைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதல்ல சொன்னது, "உடனே சொன்னீங்களே மாவ்ஷி, அதுக்கு தேங்க்ஸ்". ரங்கமணிக்கு அப்போ கொஞ்சம் கோபம், இவ்வளவு மெத்தனமா இருக்கக் கூடாதுன்னு. நான் அவர்கிட்ட சொன்னேன், இன்னிக்கு ஒரு தடவை கத்தினோம்னா அடுத்த தடவை நமக்குப் போன் வராது. சோபாவைச் சுவரோட ஒட்டித் தள்ளிப் போட்டோம், கீழ மெத்தை விரிச்சோம், விஷயம் முடிஞ்சது.

இதே காரணத்துக்காகத்தான் ஒளிச்சு வைக்கற கேமராவும் எனக்கு ஆகாது. கேமராவே வேண்டாம்னு சொல்லல. எங்க கிளையில நாள் முழுக்க என் தலைக்கு மேல கேமரா இருக்கு. ஆனா இருக்குன்னு எனக்குத் தெரியும், போர்டும் மாட்டியிருக்கு. கரடி பொம்மைக் கண்ணுக்குள்ள ஒளிச்சு வெச்சு, ஆபீஸ்ல உக்கார்ந்து பார்த்துட்டு, சாயங்காலம் குறுக்கு விசாரணை பண்றது வேற ரகம். வைக்கணும்னா சொல்லிட்டு வைங்க, கூடத்துல வைங்க. போலீஸ் வெரிஃபிகேஷன், பழைய வீட்டுல விசாரிக்கறது இதெல்லாம் கண்டிப்பா செய்யுங்க. நீங்க இல்லாதப்போ உங்க சொந்தக்காரங்களோ அவங்க சொந்தக்காரங்களோ வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்கற விதியும் போடுங்க. 'உங்க சொந்தக்காரங்க'ளையும் சேர்த்துப் போட்டா அவங்களுக்கு உறுத்தாது. சின்னப் பிள்ளைங்க விஷயத்துல அது தேவையும்கூட.

ஊர்லேர்ந்து 12 வயசுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து, "வேலைக்கெல்லாம் இல்லை, குழந்தையோட விளையாடிட்டு இருப்பா, நாங்களே படிக்க வைக்கறோம்"னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. 14 வயசுக்குக் கீழ வீட்டு வேலைக்கு வெக்கறது 2006 அக்டோபர்லேர்ந்தே குற்றம். சட்டத்தை விடுங்க, பிள்ளைகிட்ட பிள்ளையை ஒப்படைச்சுட்டு எப்படிங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட முடியுது?

சிங்கப்பூர்ல ஒரு ஏற்பாடு எனக்குப் பிடிச்சது. அங்க வெளிநாட்டுலேர்ந்து வீட்டு வேலைக்கு வர்ற பெண்களுக்கு 2012லேர்ந்து வந்ததும் ஒரு நாள் பயிற்சி கட்டாயம். அதைவிட, முதல் தடவையா ஆள் வெக்கற முதலாளியம்மாவுக்கும் வகுப்பு கட்டாயம்! மூணு மணி நேரம் உக்கார்ந்து கேட்டாத்தான் ஆள். அங்க நடக்கற கொடுமைகளும் செய்தியில வருது, சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா சொல்லித் தர வேண்டியது ரெண்டு பக்கமும்னு ஒரு அரசாங்கத்துக்குத் தோணியிருக்கு. இங்கேயும் மத்திய அரசோட திறன் பயிற்சித் திட்டத்துல 'சைல்ட் கேர்டேக்கர்'னு தனிப் படிப்பே இருக்கு. அதுக்குன்னு பாடத்திட்டம், சான்றிதழ் எல்லாம் உண்டு. என் சுத்துவட்டத்துல அந்தச் சான்றிதழோட வேலைக்கு வந்த யாரையும் நான் பார்த்ததில்லை. கேட்டு வாங்கற வீட்டையும் பார்த்ததில்லை. சான்றிதழ் வாங்கினா சம்பளம் கூடும்னு உறுதி இருந்தா ஏன் வாங்க மாட்டாங்க?

சம்பளம்னு வந்ததும் சொல்லிடறேன். புனேயில வீட்டு வேலை செய்யற பெண்கள் 1980லயே வேலைநிறுத்தம் செஞ்சு மோல்கரீண் சங்கடனான்னு சங்கம் கட்டினவங்க. தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ், லீவு எல்லாம் இங்க கொஞ்சமாவது வழக்கத்துல இருக்குன்னா அதுக்குப் பின்னால அந்தப் போராட்டம் இருக்கு. மகாராஷ்டிராவுல 2008ல வீட்டுத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் சட்டமும் வந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு 2011ல ஜெனீவாவுல நம்ம நாடு ஆதரவா ஓட்டுப் போட்டது. போட்டதோட சரி, இதுவரைக்கும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போடல. அரசாங்கம் போடலைன்னா என்ன, வீட்டுல நாம ஒரு தாள்ல எழுதிக்கலாமே. எங்க வீட்டுத் தாள்ல வேலை நேரம், வாரத்துக்கு ஒரு நாள் லீவு, வருஷத்துக்கு எத்தனை நாள் சம்பளத்தோட லீவு, லேட்டானா கூடுதல் எவ்வளவு, எல்லாம் இருக்கு. சம்பளம் பேங்க் கணக்குலதான். கணக்கு ஆரம்பிச்சது எங்க கிளையில இல்லை, வேற பேங்க்ல. நான் பார்க்கற கணக்குல அவங்க எவ்வளவு வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியறது முறையில்லை பாருங்க :)

இவ்வளவும் சொன்னா எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான். "இப்படிச் சொல்லிக் கொடுத்தா ஆறு மாசத்துல அடுத்த வீட்டுல அதிகச் சம்பளத்துக்குப் போயிட மாட்டாங்களா?" போகலாம். நாமளும் போறோம்தானே? பேங்க் செலவுல பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கிட்டு அடுத்த பேங்குக்குப் போனவங்க எத்தனை பேர். போகாம இருக்கணும்னா சம்பளத்தைக் கூட்டுங்க. போனா, போறதுக்கு முன்னாடி அடுத்து வர்றவங்களுக்குப் பத்து நாள் கூட இருந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, அந்தப் பத்து நாளுக்கும் ரெண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்து. எங்க தாள்ல கடைசி வரி அதுதான். மாவ்ஷிக்கு வர்ற மே மாசம் அவங்க பொண்ணுக்குப் பிரசவம், மூணு மாசம் சாங்லி போறாங்க. அவங்க இடத்துக்கு வரப்போறவங்களை இப்பவே ஞாயித்துக்கிழமைகள்ல வரச் சொல்லியாச்சு. சொல்லிக் கொடுக்கறது நான் இல்லை, மாவ்ஷிதான். போன வாரம் பாத்ரூம்ல பக்கெட் பக்கத்துல பையனை நிறுத்தி வெச்சாங்க. அவனுக்கு இப்போ நாலு வயசு, பக்கெட் அவன் இடுப்புக்குத்தான் வருது. "இவன் இல்லை, இவன் தங்கச்சி வயசுல ஒண்ணு வந்தா நெஞ்சு வரைக்கும் வரும்"னு விளக்கிட்டு இருந்தாங்க. தங்கச்சியெல்லாம் வரப்போறதில்லைன்னு நான் சமையலறையிலேர்ந்தே கத்திச் சொல்லிட்டேன்.